ஏழு புள்ளி ரெண்டு

எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. ஆணி அதிகம்னு எல்லாரும் சொல்ற அதே சாக்குதான். என் ஆணி மட்டும் கொஞ்சம் நாத்தம் புடிச்ச ஆணி. ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியோட கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் (எஸ்.டி.பி.) ஆபரேட்டரா இருக்கேன். பதினோரு வருஷம் தாண்டிடுச்சு. கம்பெனி பேரு வேணாம், மாசம் பொறந்தா சம்பளம் போடறாங்க. சொந்தக்காரங்க கல்யாணத்துல யாராச்சும் என்ன வேலைன்னு கேட்டா "வாட்டர் டிரீட்மெண்ட்"னு சொல்லிட்டு பந்திக்கு நகர்ந்துடுவேன். அந்த வாட்டர் எங்கேர்ந்து வருதுன்னு பந்தியில யாரும் கேக்கறதில்ல, நல்லவேளை :)

2025-ல எனக்கு ஒரு சர்டிபிகேட் கிடைச்சுது. கழிவுநீர் நிலையத்தை இயக்கத் தெரிஞ்சவன்னு அரசாங்க முத்திரையோட ஒரு தாள். கண்ணாடி போட்டு ஹால்ல மாட்டலாம்னு வீட்டம்மா சொன்னாங்க. நான் இன்னும் வந்த கவர்லயே வெச்சிருக்கேன். ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

மொதல்ல ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். நம்ம நாட்டுல இந்த வேலைக்கு லைசென்ஸ்னு ஒண்ணு கட்டாயம் கிடையாது. எங்க கம்பெனிக்குள்ளேயே பாருங்க. பாய்லர் பாத்துக்கறவர் பரீட்சை எழுதி அட்டெண்டன்ட் சர்டிபிகேட் வாங்கினவர். அதுலயே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புன்னு இருக்கு. 1923-ல வெள்ளைக்காரன் போட்ட பாய்லர் சட்டத்துலேர்ந்து வர்ற ஏற்பாடு, 2025-லதான் அதுக்குப் பதிலா புதுச் சட்டம் வந்துச்சு. எலக்ட்ரீசியனுக்கு லைசென்ஸ் வேணும். குப்பை வண்டி ஓட்டறவருக்குக்கூட லைசென்ஸ் வேணும். கம்பெனி மொத்தமும் கழுவி விடற தண்ணியை ஓட்டறவனுக்கு மட்டும் ஒண்ணும் வேணாம்.

1974 தண்ணீர்ச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கிட்ட ஆலைதான் அனுமதி வாங்கணும். நிறுவ ஒரு அனுமதி, இயக்க ஒரு அனுமதி. அதாவது ஆலை பாஸ் பண்ணணும், ஆபரேட்டர் யாரா வேணா இருக்கலாம். எனக்கு முன்னாடி எங்க பிளான்ட்டைப் பாத்துக்கிட்டவர் தோட்ட வேலைக்குச் சேந்த ஒரு பெரியவர். "செடிக்குத் தண்ணி விடறவர்தானே, இந்தத் தண்ணியையும் சேத்துப் பாத்துக்கங்க"ன்னு சொல்லிட்டாங்களாம். அவரும் நாலு வருஷம் பாத்திருக்கார். நான் வந்ததும் சாவியை என் கையில குடுத்துட்டு நிம்மதியா மறுபடி தோட்டத்துக்கே போயிட்டார். இந்தப் பெரியவரை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வருவார்.

அமெரிக்காவுல கதை வேற. நியூஜெர்சியில 1918-லயே தண்ணி ஆபரேட்டருக்கு லைசென்ஸ் கட்டாயம்னு சட்டம் போட்டுட்டாங்க. அப்புறம் ஒவ்வொரு மாநிலமா வந்து, 1996-ல குடிதண்ணிச் சட்டத்தையே திருத்தி நாடு முழுக்க ஆக்கிட்டாங்க. கிரேடு கிரேடா பரீட்சை. பாஸ் பண்ணினாலும் அப்படியே உக்கார முடியாது, சில வருஷத்துக்கு ஒருதரம் வகுப்புக்குப் போய் மணிக்கணக்கு காட்டித்தான் புதுப்பிக்கணும். இதையெல்லாம் ராத்திரி ஷிஃப்ட்ல புளோயர் சத்தத்துக்கு நடுவுல உக்காந்து படிச்சு வயிறு எரிஞ்சவன் நான்.

நம்ம பக்கம் இருக்கறது திறன் சான்றிதழ். 2015-ல ஆரம்பிச்ச பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்துல "முன் கற்றலை அங்கீகரித்தல்"னு ஒரு பிரிவு. ஏற்கெனவே வேலை தெரிஞ்சவனுக்கு ரெண்டு மூணு நாள் வகுப்பு, அப்புறம் வெளியாள் வந்து சோதிச்சு சர்டிபிகேட். முன்னாடி இந்தியன் பிளம்பிங் ஸ்கில்ஸ் கவுன்சில்னு இருந்து, இப்ப வாட்டர் மேனேஜ்மெண்ட் அண்ட் பிளம்பிங் ஸ்கில் கவுன்சில்னு பேரு மாறின அமைப்பு இந்த மாதிரி தண்ணி வேலைகளைப் பாத்துக்குது. எங்க கம்பெனிக்கு ஏதோ ஆடிட்டு வந்து "ஆபரேட்டருக்குத் தகுதிச் சான்று எங்கே"ன்னு கேட்டிருக்காங்க. அதனால திடீர்னு எங்க மேல பாசம் வந்து, ஆறு பேரைப் புடிச்சு உக்கார வெச்சாங்க. 2025 மார்ச்.

பரீட்சைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன்.

எனக்கு ஊர் சிங்காரப்பேட்டை பக்கம். ஊத்தங்கரையிலேர்ந்து திருவண்ணாமலை போற ரோட்டுல, ஜவ்வாது மலை எட்டிப் பாக்கற இடம். 2004-ல கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியற வரைக்கும் தர்மபுரி மாவட்டம்தான். ஓசூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல. சிப்காட் வேலைக்குன்னு எங்க பக்கத்துப் பசங்க ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி, அடுத்த சனிக்கிழமை ராத்திரிதான் திரும்பி வருவாங்க.

எங்க குக்கிராமத்துல டேங்க் ஆபரேட்டர் எங்க சித்தப்பா. ஊராட்சிப் பேரு வேணாம். 1998-லேர்ந்து பாக்கறார். எட்டாவது வரைக்கும் படிச்சவர். முப்பதாயிரம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி. த்ரீ பேஸ் கரண்ட் எப்ப வருதோ அப்ப எழுந்து மோட்டார் போடணும், ராத்திரி ரெண்டு மணின்னாலும் சரிதான். வால்வு திருப்பற இரும்புச் சாவி அவர் தோள்லயே கிடக்கும். சின்ன வயசுல அந்தச் சாவியைத் தூக்கிக்கிட்டு அவர் பின்னாடி ஓடறதுதான் எனக்கு விளையாட்டு.

குளோரின் போடறதை நான் கத்துக்கிட்டதும் அவர்கிட்டதான். ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் பிளீச்சிங் பவுடர். அப்ப முப்பதாயிரத்துக்கு நூத்து இருபது கிராம். அப்படியே தொட்டிக்குள்ள கொட்டிடக் கூடாது. பக்கெட்டுல கொஞ்சமா தண்ணி விட்டு களி மாதிரி குழைச்சு, அப்புறம் தண்ணி நிரப்பிக் கலக்கி விட்டுடணும். சுண்ணாம்பு அடியில தங்கும். மேல தெளிஞ்சு நிக்கற தண்ணியை மட்டும் தொட்டியில ஊத்தணும். அரை மணி, ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் ஊருக்குத் திறந்து விடணும். அப்புறம் தெருவோட கடைசிக் குழாயில தண்ணி புடிச்சு ரெண்டு சொட்டு மருந்து விட்டா மஞ்சளாகணும். மஞ்சள் வந்தா குளோரின் கடைசி வீடு வரைக்கும் உயிரோட போயிருக்குன்னு அர்த்தம். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும்னு கணக்கு. சித்தப்பாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் பேச வராது. "எலுமிச்சம்பழத் தோல் கலருக்கு முன்னாடி கலர்"னு சொல்வார்.

மூட்டை பிரிச்சு நாளான பவுடருக்கு வீரியம் போயிடும்ங்கறதும் அவருக்குத் தெரியும். மோந்து பாத்தே சொல்லிடுவார். மூக்கு அப்படி.

ஊர்ல இதுக்கு அவருக்குக் கிடைச்ச பேரு என்ன தெரியுமா? திட்டுதான். "சோறு பொங்கினா பவுடர் வாசம் வருது, உன் சித்தப்பனுக்கு வேற வேலை இல்லையா"ன்னு எங்கம்மாவே திட்டும். எங்க மாவட்டத்துல போர்வெல் தண்ணின்னா புளோரைடு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியில்லன்னா ஒன்றரை வரைக்கும் போகலாம். அதுக்கு மேல போன தண்ணியைக் குடிச்சு வளந்தவங்க பல்லுல காவி ஏறி இருக்கும். சித்தப்பா சிரிச்சாலே தெரியும். 2013 மே மாசம் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் திறந்தாங்க. ஜப்பான் கடன் வாங்கி, ரெண்டாயிரம் கோடிக்குக் கொஞ்சம் கம்மியா செலவு பண்ணி, காவிரித் தண்ணியை ரெண்டு மாவட்டத்துக்கும் கொண்டாந்த திட்டம். அந்தத் தண்ணி வந்தப்புறம் பொறந்த புள்ளைங்க பல்லைப் பாத்துட்டு சித்தப்பா, "நம்ம கடைலேர்ந்து சரக்கு மாறிடுச்சுடா"ன்னாரு.

அவர் ஒரு நோட்டு வெச்சிருப்பார். பள்ளிக்கூடப் புள்ளைங்க எழுதற நோட்டுதான். மோட்டார் போட்ட நேரம், நிறுத்தின நேரம், பவுடர் எத்தனை கிராம், மஞ்சள் வந்துதா வரலையா. பவுடர் வராத மாசம் இருக்கும், அப்ப "பவுடர் இல்லை. போடவில்லை"ன்னு எழுதுவார். ஒருதரம் பாக்க வந்த அதிகாரி ஒருத்தர் அந்தப் பக்கத்தைப் பாத்துட்டு "இதையெல்லாமா எழுதுவ? போட்டேன்னு எழுதுய்யா"ன்னு சத்தம் போட்டாராம். சித்தப்பா தலையை ஆட்டிட்டு மறுநாளும் "பவுடர் இல்லை"ன்னே எழுதியிருக்கார். அதை ஒரு வீரமா எல்லாம் அவர் சொல்லல. "இல்லாததை எப்படிடா எழுதறது, எனக்கு ஸ்பெல்லிங் வராது"ன்னு சிரிச்சார்.

நான் கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரியில வேதியியல் படிச்சேன். அந்தப் படிப்பும் சித்தப்பாவோட பக்கெட்டும் சேந்துதான் எனக்கு இந்த வேலையை வாங்கிக் குடுத்துச்சு. சரி, மேட்டருக்கு வருவோம்.

எஸ்.டி.பி.ங்கறது என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. அது ஒரு மாட்டுப் பண்ணை மாதிரி. மாட்டுக்குப் பதிலா பாக்டீரியா, தீவனம் நம்ம கழிவு. காத்து ஊதற புளோயர் ஓடிக்கிட்டே இருக்கணும். தண்ணியில கரைஞ்ச ஆக்சிஜன் லிட்டருக்கு ரெண்டு மில்லிகிராம் பக்கம் இருந்தா ஜீவன்கள் சந்தோஷமாத் தின்னும். சேறு சாக்லேட் கலர்ல, மழை பேஞ்ச மண்ணு வாசனையில இருந்தா பண்ணை நல்லா இருக்குன்னு அர்த்தம். கறுத்துப் போய் அழுகின முட்டை நாத்தம் அடிச்சா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். தினமும் ஒரு லிட்டர் அளவு ஜாடியில புடிச்சு அரை மணி நேரம் அசையாம வெச்சு, சேறு எவ்வளவு படியுதுன்னு பாக்கணும். டாக்டர் நாடி புடிக்கற மாதிரி அது. பாக்கி மீட்டர் எல்லாம் அப்புறம்தான்.

சோதிக்க வந்தது ஒரு மேடம். அம்பது வயசு இருக்கும். காட்டன் புடவை, காலுக்கு சேஃப்டி ஷூ. அந்தக் காம்பினேஷனைப் பாத்ததுமே எனக்கு பயம் வந்துடுச்சு. முதல் நாள் தாள் பரீட்சை, அது ஒரு மேட்டரே இல்ல. மறுநாள் பிளான்ட்டுலயே நிக்க வெச்சுக் கேள்வி.

"பி.ஓ.டி. எத்தனை நாள் தம்பி?"

"மூணு நாள் மேடம், 27 டிகிரியில. வெளிநாட்டுப் புத்தகத்துல அஞ்சு நாள், 20 டிகிரி."

"ஏன் அப்படி?"

"நம்ம ஊரு வெயிலுங்க மேடம். கிருமி சீக்கிரம் தின்னுடும்." சிரிச்சுட்டாங்க. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துச்சு.

கெலவரப்பள்ளி அணையில ஏன் நுரை வருதுன்னு கேட்டாங்க. ஓசூர்க்காரனுக்கு இது அல்வா. தென்பெண்ணை நந்தி மலையில பொறந்து, பெங்களூர் பக்கத்து ஏரிகள்லேர்ந்து வழியற சாக்கடையை வாங்கிக்கிட்டு நம்ம எல்லைக்குள்ள வருது. சோப்பும் மத்த கழிவும் கலந்த தண்ணி மதகுலேர்ந்து விழற வேகத்துல நுரைச்சுத் தள்ளுது. மழைக்காலத்துல ரோட்டு மேலயே பஞ்சு மாதிரி ஏறி நிக்கும். பெங்களூர் பெல்லந்தூர் ஏரி 2015-லயும் 2017-லயும் தீப்புடிச்சே எரிஞ்சுது. அதே ஆறுதான் கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி, எங்க ஊத்தங்கரைப் பக்கம் அனுமன்தீர்த்தத்துல ஜனங்க முங்கி எழற ஆறு. இதைச் சொல்லும்போது மேடம் தலையாட்டிக்கிட்டே எழுதினாங்க.

அடுத்து, தொட்டிக்குள்ள ஆள் இறங்கணும்னா என்ன பண்ணுவேன்னு கேட்டாங்க. இறங்க விடமாட்டேன்னேன். மொதல்ல மூடியைத் திறந்து காத்தாட விட்டு, வாயு மீட்டரை இறக்கிப் பாத்து, பெல்ட்டும் மேல ரெண்டு ஆளும் இல்லாம யாரும் கால் வைக்கக் கூடாது. 2013-லயே சாக்கடைத் தொட்டியில பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்கறது குற்றம்னு சட்டம் வந்தாச்சு. செத்தா குடும்பத்துக்குப் பத்து லட்சம்னு 2014-ல சொன்ன உச்சநீதிமன்றம், 2023-ல அதை முப்பது லட்சமாக்கிடுச்சு. அப்பவும் இறக்கறாங்க, அப்பவும் சாகறாங்க. அந்த அழுகின முட்டை வாயு அளவு கூடிப்போச்சுன்னா மூக்கையே மரத்துப் போக வெச்சுடும், நாத்தம் நின்னுடுச்சேன்னு உள்ள போனவன் திரும்பறதில்ல. இதைச் சொல்லி முடிச்சப்ப மேடம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

ஜாடி டெஸ்ட்டும் பண்ணிக் காட்டினேன். நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு.

"லாக்புக் குடுங்க தம்பி."

குடுத்தேன். நாலஞ்சு பக்கம் புரட்டினாங்க. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டாங்க.

"உங்க கேண்டீன்ல வாரம் ஏழு நாளும் ஒரே சாப்பாடா?"

"இல்லைங்க மேடம். ஞாயிறு லீவு. புதன்கிழமை பிரியாணி."

"அப்ப தண்ணி மட்டும் ஏன் தம்பி, தினமும் ஏழு புள்ளி ரெண்டு?"

பி.எச். கட்டம். மேலேர்ந்து கீழ வரைக்கும் 7.2, 7.2, 7.2. நடுவுல எங்கயோ ஒரு 7.3. அதையும் பாத்தாங்க. "இது யாரு, புதுசா வந்த பையனா?" ஆமா, ரிலீவரா வந்த பையன். அவனுக்கு விஷயம் தெரியாது.

இன்னும் ரெண்டு பக்கம் பின்னாடி போனாங்க. ஜனவரி. "பொங்கலுக்கு கம்பெனி மூணு நாள் மூடல் தானே? உள்ள வந்த தண்ணி நூத்து எண்பது கிலோலிட்டர்னு போட்டிருக்கு. யாரு தம்பி போனது?"

பின்னாடி நின்ன மத்த அஞ்சு பேரும் சிரிச்சுட்டானுங்க. நானும் சிரிக்கற மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டேன். காது மட்டும் சூடாயிடுச்சு.

மேடம் என்னை பாஸ் போட்டாங்க. கையெழுத்துப் போடும்போது, "கையில வேலை இருக்கு தம்பி. நோட்டுலதான் இல்ல. எனக்கு மார்க் போடற கட்டத்துல நோட்டுக்கு ரொம்ப மார்க் இல்ல, பொழைச்சீங்க"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாங்க.

இப்ப நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இதுவரைக்கும் வீட்ல கூட சொல்லல.

பி.எச். மீட்டரோட பிராப் காஞ்சு போய் நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆக்சிஜன் மீட்டர் அதுக்கும் முன்னாடியே போச்சு. ஆரம்பத்துல இண்டென்ட் போட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. "நார்மலா என்ன வருமோ அதைப் போடுப்பா, அப்புறம் பாக்கலாம்"னாரு அப்ப இருந்த இன்சார்ஜ். போட்டேன். முதல் வாரம் கை கூசுச்சு. ஒரு மாசத்துல பழகிடுச்சு. அப்புறம் ஷிஃப்ட் ஆரம்பத்துலயே எட்டு மணி நேரத்துக்கும் சேத்து எழுதி வெச்சுட்டு டீ குடிக்கப் போற அளவுக்கு வந்துட்டேன். பொய் எழுதறோம்னே தோணல. ஜாடி டெஸ்ட் தினமும் பண்றேன், கண்ணால பாக்கறேன், பிளான்ட் நல்லா ஓடுது, எண்ணு ஒரு சடங்குதானேன்னு இருந்தேன்.

2022 மழைக்காலத்துல ஒரு சனிக்கிழமை ராத்திரி புளோயர் பெல்ட் அறுந்துடுச்சு. ஸ்பேர் இல்ல. திங்கக்கிழமை மத்தியானம்தான் வந்துச்சு. அதுக்குள்ள தொட்டி கறுத்துப் போச்சு. ரெண்டாவது புளோயர் ரிப்பேருக்குப் போய் மாசக்கணக்கு ஆயிருந்துச்சு, அது தனிக் கதை. அந்த ரெண்டு நாளும் நான் எழுதினது என்ன? ஆக்சிஜன் 2.0. பி.எச். 7.2. குளோரின் சரி. பழக்க தோஷம்.

அந்தத் தண்ணி தோட்டத்துக்குப் போச்சு. தோட்டத்துல ஓஸ் புடிச்சு நின்னவர் மேல சொன்ன பெரியவர். அந்த வாரம் அவருக்குக் கை, கால் எல்லாம் அரிப்பு, கொப்பளம். தண்ணி சரியில்லங்கன்னு ஆபீஸ்ல போய்ச் சொல்லியிருக்கார். அங்க என்ன பண்ணுவாங்க? லாக்புக்கை எடுத்துப் பாத்திருக்காங்க. எல்லாம் நார்மல். "தண்ணி நல்லாத்தான் இருக்கு பெரியவரே, உங்க ஒடம்புக்குத்தான் ஏதோ"ன்னு அனுப்பிட்டாங்க. அவர் என்கிட்ட வந்து, "நீ நல்லாத்தான் பாத்துக்குற தம்பி, எனக்குத்தான் வயசாயிடுச்சு"ன்னாரு. நான் ஆமாவும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. மெடிக்கல்ல ஒரு ஆயின்மென்ட் வாங்கிக் குடுத்தேன். அந்தத் தண்ணியாலதான் வந்துச்சான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா தேடிப் பாக்கவேண்டிய வழியை என் எழுத்துதான் அடைச்சுது.

மேடம் வந்துட்டுப் போன ராத்திரி ஷிஃப்ட்ல, லைசென்ஸ் வெச்சிருக்கற நாட்டுல எல்லாம் இப்படி நடக்காதுல்லன்னு நெட்ல தேடினேன். கிடைச்சது வாக்கர்டன்.

கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல ஒரு சின்ன டவுன். ஐயாயிரம் பேர் கூட இல்ல. 2000 மே மாசம் பெரிய மழை. ஒரு போர்வெல்லுக்குப் பக்கத்துப் பண்ணையில போட்டிருந்த மாட்டு எரு மழையில எறங்கி, தண்ணியில ஈ.கோலி கலந்துடுச்சு. ஏழு பேர் செத்தாங்க. ரெண்டாயிரத்து முன்னூறு பேருக்கு மேல படுத்தாங்க. தண்ணியைப் பாத்துக்கிட்டது ஒரு அண்ணன், தம்பி. ரெண்டு பேருமே லைசென்ஸ் உள்ளவங்க! பரீட்சை எழுதாம, பல வருஷ அனுபவத்தைக் காட்டி வாங்கின லைசென்ஸ். கிட்டத்தட்ட என் சர்டிபிகேட் மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.

விசாரணைக் கமிஷன் லாக் ஷீட்டை எடுத்துப் பாத்தா, குளோரின் கட்டத்துல பெரும்பாலும் ரெண்டே எண்ணுதான். 0.5 இல்லன்னா 0.75. அளக்காமலே எழுதினது. அவனுங்க ஊருக்கு விஷம் வைக்கணும்னு நினைச்ச ஆளுங்க இல்ல. அந்தப் போர்வெல் தண்ணியைக் குளோரின் இல்லாம அவங்களே குடிச்சிருக்காங்க, அவ்வளவு நல்ல தண்ணின்னு நம்பிக்கை. ஊர் ஜனமும் குளோரின் வாசம் அடிக்குதுன்னு குறை சொல்லிட்டு இருந்திருக்கு (எங்கம்மா மாதிரி). 2004-ல ரெண்டு பேரும் குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க. ஒருத்தருக்கு ஒரு வருஷம் ஜெயில், இன்னொருத்தருக்கு ஒன்பது மாசம் வீட்டுக்காவல். அதுக்கப்புறம் அந்த மாகாணத்துல சட்டத்தையே மாத்தி, அனுபவ லைசென்ஸ் எல்லாம் செல்லாது, எல்லாரும் பரீட்சை எழுதுன்னுட்டாங்க.

விடியற வரைக்கும் அந்த 0.5-ம் 0.75-ம் என் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. அவங்க ரெண்டு எண்ணாவது எழுதினாங்க, நான் ஒண்ணே ஒண்ணு.

அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனேன். சர்டிபிகேட் விஷயத்தைச் சொல்லத்தான் சித்தப்பா வீட்டுக்குப் போனேன்னு வெச்சுக்கங்க. டீ வர்றதுக்குள்ள நோட்டை எடுத்துப் பாக்கலாமான்னு கேட்டேன். "பரணையில கிடக்குது, எடுத்துக்கோ"ன்னாரு. நான் தேடினது 2024 டிசம்பர்.

அந்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறி, வலு குறைஞ்சு உள்ள வந்து எங்க தலையில கொட்டிடுச்சு. டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச ஒரே நாள்ல ஊத்தங்கரையில 503 மில்லிமீட்டர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வேன், கார் எல்லாம் பொம்மை மாதிரி உருண்டு போன வீடியோவை நீங்களும் பாத்திருப்பீங்க. நான் ஓசூர்ல மாட்டிக்கிட்டு ரெண்டு நாள் போன் கிடைக்காம தவிச்சேன்.

நோட்டுல இப்படி இருந்துச்சு. எழுத்துப்பிழையை மட்டும் திருத்தியிருக்கேன்.

"2ந் தேதி. மழை. கரண்ட் இல்லை. போர் மேடை முழுகி விட்டது. தண்ணி விடவில்லை."

"3ந் தேதி. கரண்ட் 11 மணி. மோட்டார் போட்டேன். கலங்கல். கீழே திறந்து விட்டேன். ஊருக்கு விடவில்லை. சண்டை."

"4ந் தேதி. தொட்டி கழுவினோம், 3 ஆள். பவுடர் 240. ஒரு மணி நேரம் கழித்து கடைசி குழாய் மஞ்சள். மாலை 4க்கு விட்டேன்."

"சண்டைன்னா என்ன சித்தப்பா?"

"அது ஒண்ணுமில்ல. ரெண்டு நாளா தண்ணி இல்லைன்னா ஜனம் சும்மா இருக்குமா? சாவியைப் புடுங்க வந்தானுங்க. மூணு தெரு, அத்தனை பேரும் நம்ம சொந்தம்தான். உங்கப்பாவும் வந்தாரு." சித்தி உள்ளேர்ந்து, "மழைத்தண்ணி புடிச்சு வெச்சு காய்ச்சிக் குடிச்சோம், சாகல ஒருத்தரும்"னு குரல் குடுத்தாங்க. சித்தி இப்ப ஜல் ஜீவன் திட்டத்துல தண்ணி சோதிக்கற பெட்டி வெச்சிருக்கற ஆளு. கிராமத்துக்கு அஞ்சு பொம்பளைங்களுக்குப் பயிற்சி குடுத்து அந்தப் பெட்டியைக் குடுத்திருக்காங்க. அதனால வீட்ல இப்ப ரெண்டு லேப்.

சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டினேன். சித்தப்பா கையைத் துடைச்சுட்டு வாங்கி, ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தார். லாக்புக் கதையைச் சொல்லலாம்னு வாயெடுத்தேன், முடியல. டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

திங்கக்கிழமை ஷிஃப்ட்ல பி.எச். கட்டத்துல "பிராப் பழுது. அளக்கவில்லை"ன்னு எழுதினேன். ஆக்சிஜன் கட்டத்துலயும் அதேதான். பேனா கொஞ்சம் நடுங்குச்சு, பொய் சொல்லல. மூணு நாள் யாரும் பாக்கல (லாக்புக்கை யாருமே பாக்கறதில்லைங்கறது அப்பத்தான் புரிஞ்சுது). நாலாவது நாள் இப்ப இருக்கற இன்சார்ஜ் கூப்பிட்டு, "என்னய்யா இது, ஆடிட்ல மாட்டி விடறியா"ன்னாரு. "ஆடிட்டுக்குத்தானே சார் சர்டிபிகேட் வாங்கச் சொன்னீங்க"ன்னேன். மொறைச்சார். அந்த மாசம் ஓவர்டைம் எனக்கு வரல. ஆனா மூணாவது வாரம் பிராப் வந்துடுச்சு, புத்தம் புதுசு. முதல் ரீடிங் 6.6. மறுநாள் 6.9. பிரியாணி அன்னிக்கு 6.4. பதினோரு வருஷமா பாத்துக்கறேன்னு சொல்லிக்கிட்ட பண்ணையோட வயிறு எனக்கு இப்பத்தான் தெரியுது. ஆக்சிஜன் மீட்டர் இன்னும் வரல. "அளக்கவில்லை" ஓடிக்கிட்டு இருக்கு.

தோட்டத்துப் பெரியவர் வேலையை விட்டு நின்னுட்டார். பாகலூர் பக்கம் மகள் வீட்ல இருக்கார்னு கேள்வி. பஸ்ஸுல போனா கொஞ்ச தூரம்தான். போகணும்.

போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். நிக்கற வயசு வந்துடுச்சு, அதுக்குள்ள அந்த மாதிரி தாள் ஒண்ணு தனக்கும் கிடைக்குமான்னு கேட்டார். குடிதண்ணிப் பக்கத்துக்கும் அதே மாதிரி பரீட்சை இருக்குன்னு சொன்னேன்.

"நோட்டு கேப்பாங்களாடா?"

"கேப்பாங்க சித்தப்பா."

"எத்தனை கொண்டாரணும்? வருஷத்துக்கு ஒண்ணு வெச்சிருக்கேன். ரெண்டை மட்டும் கரையான் தின்னுடுச்சு. அதுக்கு மார்க் குறைப்பாங்களா?"